வலது கால் மட்டும்

என்னிடம் முதல் தடவை காலை நீட்டுகிறவர்கள் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்து பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, ஆரம்பிச்சுட்டீங்களா?"

அதற்குள் நான் பாதிப் பாதத்தைத் தாண்டியிருப்பேன்.

நான் செய்யும் வேலைக்கு ரிஃப்ளெக்ஸாலஜி என்று பெயர். உள்ளங்காலைக் கட்டைவிரலால் வரிசையாக, கம்பளிப்பூச்சி நகர்வது போலத் தொட்டுக்கொண்டே போவது. செய்யும் இடம் அடையாறில் ஒரு பழைய வீடு. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பகலில் வந்து உட்கார்ந்து, பேசி, குட்டித் தூக்கம் போட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவதற்காக ஒரு அறக்கட்டளை அதை நடத்துகிறது. வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள். உள் அறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு முக்காலி, நான். எதிர் அறையில் நர்ஸ் அக்கா.

அதற்கு முன் தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் வேலை பார்த்தேன். அங்கேயும் கால்தான். ஆனால் அங்கே வலிக்காவிட்டால் ஆட்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். கீழே மனைவி புடவை எடுக்கும் நேரத்தில் மேலே கணவன் வந்து படுப்பார். "ஐயோ அம்மா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். எழுந்து, "சூப்பர் கை" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போவார். சுவரில் பாதத்தின் பெரிய படம் ஒன்று தொங்கும். இங்கே கல்லீரல், இங்கே கிட்னி, இங்கே மூளை. அதைப் பார்த்தால் மனிதன் முழுசாகச் செருப்புக்குள்தான் குடியிருக்கிறான் என்று நம்பத் தோன்றும்.

அடையாறில் அந்தப் படம் இல்லை. பயிற்சியில் அதைத்தான் முதலில் மறக்கச் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்ததில் முக்கால்வாசி எதைச் செய்யக் கூடாது என்பதுதான். நோயாளியின் டாக்டர் சரி என்று சொல்லாமல் கை வைக்கக் கூடாது. காய்ச்சல் இருந்தால் கூடாது. பிளேட்லெட் குறைந்திருந்தால் லேசாக அழுத்தினாலே தோல் கன்றிப்போகும். கீமோவில் பாதம் மரத்துப்போனவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை; அவருக்கே தெரியாது. வாசனை எண்ணெய் வேண்டாம், குமட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த இடத்தையும் தொட்டுக் காட்டி இது உங்கள் கட்டியைக் கரைக்கும் என்று சொல்லவே கூடாது. ஏனென்றால் கரைக்காது. சிலருக்குத் தூக்கம் வரும், சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் இறங்கும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. யாரோ அவசரமில்லாமல் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் மிஞ்சும்.

எவ்வளவு அழுத்துவது? மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று கடைக்காரர் பார்க்காதபோது அமுக்கிப் பார்ப்போமே, அவ்வளவு. அவர் பார்த்துத் திட்டினால் அது அதிகம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். ஆற்றோரத்தில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்களே, அதில் நாங்களும் உண்டு. அங்கிருந்து இன்றைக்கும் பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வந்து வீட்டு வேலை பார்க்கிறாள் என் அம்மா. நான் அடையாறு வேலையைப் பற்றி விளக்கி முடித்ததும் அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டுக்கினியா? பையன் பி.காம் படிச்சிட்டு கால் அமுக்கறான்."

"அமுக்கலம்மா. தொடறேன்."

"அது இன்னும் கேவலமா கீதுடா."

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். நியாயமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனா, அமுக்காத வேலைக்கு இன்னாத்துக்கு சம்பளம் குடுக்கறானுங்க?"

அதே கேள்வியை அடையாறில் வேறு ஒருவர் ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். சாந்தோம் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் விசில் ஊதியே காலத்தை ஓட்டியவர். அவர் மனைவி அதே பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அவரை நான் சார் என்றும் அந்த அம்மாவை டீச்சர் என்றும் கூப்பிடுவேன். சாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி, கீமோ ஓடிக்கொண்டிருந்தது. கீமோவில் இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டன. "தரையில நடக்கறேனா, தலகாணில நடக்கறேனான்னே தெரியல" என்பார். வாரம் ஒரு நாள் மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் இருவரும் வருவார்கள். டீச்சர் ஃபிளாஸ்க்குடன் வராந்தாவில் உட்கார, சார் உள்ளே வந்து காலை நீட்டுவார்.

"தம்பி, நீ என் கால அமுக்கறியா, இல்ல காலுக்கு குட் மார்னிங் சொல்றியா?"

"இதுதான் சார் அளவு."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் சார்."

"பாத்தா தெரியலையே. ஸ்கூல்ல நீ என்கிட்ட படிச்சிருந்தா உன்னைத் தண்டால் எடுக்க வெச்சே ஆளாக்கியிருப்பேன்."

இப்படிப் பேசிக்கொண்டே இருப்பார். அடுத்த பாதத்துக்கு நான் மாறுவதற்குள் வாய் திறந்தபடி குறட்டை விடுவார். ஒரு நாள் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன், சார் நன்றாகத் தூங்கினார் என்று.

"அசெம்ப்ளில பசங்களை அட்டென்ஷன்ல நிக்க வெச்சுட்டு, நின்னுக்கிட்டே தூங்கின மனுஷன் அவரு," என்றார் டீச்சர். "இதை உங்க சாதனைல சேத்துக்காதீங்க தம்பி."

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலம் பாதி போயிருக்கும். சார் அன்றைக்கு அறைக்குள் வந்த நடையே வேறு மாதிரி இருந்தது. உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "என்னைக் கூப்ட்டுட்டாங்க."

"யார் சார்?"

"ஃபாதர். கால் கழுவ."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக, ஆறாம் வகுப்புக்குக் கபடி விதிகள் சொல்வது போல விளக்கினார். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் பெரிய வியாழன். சிலுவையில் அறைவதற்கு முந்தைய நாள், சாப்பாட்டு வேளையில், ஏசு தன் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலையும் தானே குனிந்து கழுவினார். அதை நினைத்து வருஷா வருஷம் மாலைப் பூசையில் பங்குச் சாமியார், அதாவது அந்தக் கோயில் ஃபாதர், பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து அவர்கள் காலைக் கழுவுவார்.

"இத்தனை வருஷமா அந்தப் பன்னிரண்டு சேரையும் தூக்கிட்டு வந்து போட்டவன் நான். குடத்துல தண்ணி ரொப்பினவன் நான். உக்காந்தவன் எவனெவனோ. சீட்டுக் கம்பெனி நடத்தறவன் ஒருத்தன் இருக்கான், பங்குப் பேரவைன்னு கோயில் கமிட்டில பெரிய ஆளு. அவன் கால எத்தனை தடவை கழுவினாங்கன்னு கணக்கே இல்ல. அப்பவும் அவன் சீட்டுல மட்டும் அழுக்கு போகல." பெருமூச்சு விட்டார். "கேன்சர் வந்தாத்தான் கால் கழுவுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் சீக்கிரமே வர வெச்சிருப்பேன்."

வராந்தாவிலிருந்து டீச்சர் குரல் வந்தது: "முதல்ல அந்த வாயக் கழுவச் சொல்லுங்க ஃபாதரை!"

சார் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னார்: "இரக்கப்பட்டுத்தான் கூப்டறாங்க, தெரியுது. பரவால்ல. சேர்ல உக்காரணும் தம்பி. ஒரு தடவை."

அதன் பிறகு அவருக்கு வேறு பேச்சே இல்லை. கால் தயாரிப்பு தொடங்கியது. குடியரசு தின அணிவகுப்புக்குக் கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடிப்பது போன்ற மும்முரம். அவர்கள் கோயிலில் அது ஒரு வழக்கமாம். கூப்பிடப்பட்ட பன்னிரண்டு பேரும் வீட்டில் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டுதான் வருவார்களாம்.

"கழுவறதுக்கு முன்னாடி கழுவிட்டா போவீங்க?" என்றேன்.

"பின்ன? அழுக்குக் கால நீட்டினா ஃபாதர் என்ன நெனப்பாரு?"

"அப்ப அவரு எதைக் கழுவுவாரு?"

கொஞ்சம் யோசித்தார். "வேலைக்காரம்மா வர்றதுக்கு முன்னாடி பாத்திரத்தை ஒரு தடவை அலசிப் போடறதில்ல? அந்த மாதிரி."

என் அம்மா வேலை செய்யும் வீடுகளில் அப்படி யாரும் அலசிப் போட்டதாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்குப் பெரிய கவலை நகம். கீமோவில் கால் நகங்கள் கறுத்துப்போயிருந்தன. "பசங்களை வரிசையா நிக்க வெச்சு நகம் பாத்து ஸ்கேல்ல போட்டவன் நான். இப்ப என் நகத்தைப் பாரு, மெக்கானிக் ஷெட்டுலேருந்து வந்த மாதிரி. டீச்சரோட நெயில் பாலிஷ் கொஞ்சம் போட்டுக்கலாமா? லைட் கலர்தான்."

"அப்போஸ்தலருங்க போட்டாங்களா சார்?"

"யாரு பாத்தா? படத்துல எல்லாம் அங்கி மறைச்சிருக்கு."

பாதம் தேய்க்கும் கல் வேண்டாம், பிளேடு படவே கூடாது, சின்னக் கீறல் விழுந்தாலும் உங்களுக்கு ஆறுவது கஷ்டம் என்று நான் சொன்னேன். வெந்நீர் வேண்டாம், சூடு உங்கள் காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். வெறும் கிரீம் மட்டும் அனுமதித்தோம். அதையும் அவர் வலது காலுக்கு மட்டும்தான் போட்டார். சாமியார் கழுவுவது வலது காலை மட்டும்தானாம். பன்னிரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கால் கழுவினால் பூசை முடிய நேரமாகிவிடும், அவர் முட்டியும் தாங்காது.

பெரிய வியாழன் வருகிற பெரிய வாரம் வந்தது. புதன்கிழமை காலையில் சார் வந்தார். மறுநாள் வியாழன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வலது செருப்பை மட்டும் கழற்றினார். இடது காலில் சாக்ஸ், அதன் மேல் செருப்பு.

"இன்னைக்கு வலது மட்டும் போதும். நாளைக்கு மேடை ஏறப்போறது அதுதான். இடதுக்கு லீவு."

சிரித்துவிட்டு, "ரெண்டையும் பாக்காம எதையும் தொடக் கூடாது சார்" என்றேன். அது எங்கள் விதி. உட்கார்ந்ததும் இரண்டு காலையும் முழங்கால் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"அதான் வாரா வாரம் பாக்கறியே. மாறியா போச்சு? இடது இடதுதான்."

"பாத்துட்டு விட்டுடறேன் சார்."

"டேய், குளிருதுடா எனக்கு."

பங்குனி வெயில். மின்விசிறியே வெந்நீரைப் போலக் காற்றை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் முக்காலியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்தேன். பேண்ட்டின் இடது கால் கணுக்காலுக்கு மேலே இறுக்கமாக இருந்தது, வலது தொளதொளவென்று. செருப்பையும் சாக்ஸையும் மெதுவாகக் கழற்றினேன். அதன் ரப்பர் பதிந்த இடம் பள்ளமாக வட்டம் போட்டிருந்தது. பேண்ட்டை உயர்த்தினேன். கெண்டைக்கால் உப்பி, தோல் பளபளவென்று சிவந்திருந்தது. புறங்கையை அருகில் கொண்டுபோனதுமே சூடு தெரிந்தது. தைல வாசனை தூக்கியடித்தது.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"கிராம்ப்," என்றார் சார், நான் கேட்பதற்கு முன்பே. "பிடிச்சுக்கிச்சு. நல்லா உருவி விட்டிருக்கேன். கிரவுண்டுல எத்தனை பசங்களுக்கு உருவி விட்டிருக்கேன் தெரியுமா? கெண்டைக்கால்னா எனக்குத்தான் தெரியும்."

"இனிமே உருவாதீங்க சார். தொடவே தொடாதீங்க. உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். இந்த நோய் இருக்கறவங்களுக்கு அப்படி வரும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. தேய்ச்சா அது பிச்சிக்கிட்டு நெஞ்சுக்குப் போயிடும்."

"உறைஞ்சிருக்கலாம்னா? உறைஞ்சிருக்கா, இல்லையா?"

"எனக்குத் தெரியாது சார். டாக்டர்தான் பாக்கணும். இன்னைக்கே."

"தெரியாதுன்னா ஏன்டா விசில் ஊதற?"

நான் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வைத்தியம் நடந்துகொண்டிருந்த ஆளின் பிடி அல்ல அது.

"இங்க பாரு. ஃபாதர் கழுவப்போறது வலது கால. வீக்கம் இடது கால்ல. இதுல உனக்கு என்ன பிரச்சனை? நாளைக்கு சாயங்காலம் உக்காந்து, வலதை நீட்டி, கழுவிக்கிட்டு, வெள்ளிக்கிழமை காலைல நானே நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். பெரிய வெள்ளி. சாகறதுன்னாலும் நல்ல நாள்."

"சார்..."

"இன்னைக்குப் போனா படுக்க வெச்சுடுவாங்க. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேர் காலியாகும். அந்தச் சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடி வந்து உக்காந்துக்குவான்." பிடி தளர்ந்தது. குரலும். "ஒரு நாள்டா. நீ சாக்ஸைப் பாக்கவே இல்லன்னு வெச்சுக்கோ."

உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. அது வெறும் தசைப்பிடிப்பாக இருந்துவிட்டால்? ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட நாற்காலியை, பி.காம். படித்த ஒரு கால்பிடிக்காரன், தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி பேசித் தட்டிவிட்டான் என்று ஆகும். தசைப்பிடிப்பு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

"இருங்க சார், காலை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு எதிர் அறைக்குப் போனேன். நர்ஸ் அக்கா வந்து பார்த்தார். உடனே வெளியே போய் சாரின் டாக்டருக்கு போன் போட்டார். நான் வராந்தாவுக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன்.

டீச்சர் உள்ளே வந்தார். எல்.கே.ஜி.யில் ஒருவன் பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டால் எப்படி வந்து நிற்பாரோ, அப்படி.

"எத்தனை நாளா?"

"நேத்துதான்."

"எத்தனை நாளா?"

சார் மின்விசிறியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை. குருத்தோலை ஊர்வலத்துல நடந்தோம்ல, அப்ப."

"என்னங்க நொண்டறீங்கன்னு நான் கேட்டப்ப ஓலைய ஆட்டி ஆட்டி ஓசன்னா பாடினீங்களே, அப்பவா?"

"பாட்டு நல்லாத்தானே பாடினேன்."

டீச்சர் திட்டவில்லை. குனிந்து அவருடைய செருப்புகளை எடுத்துப் பைக்குள் போட்டார். ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினார்.

டாக்டர் உடனே அழைத்து வரச் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் வைத்து வாசல் வரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்த பிறகு கேட்டார்: "இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன் சார்."

"பெரிய வாரத்துப் புதன். யூதாஸ் காட்டிக்குடுத்தது இதே புதன்தான். சரியா நாள் பாத்துச் செஞ்சிருக்கடா."

நான் முழித்தேன். டீச்சர் ஆட்டோவுக்குள் ஏறியபடியே சொன்னார்: "மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. அது பைபிள்ல ஒரு பழைய கேசு."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் போனை எடுத்து அந்தக் கேசைத் தேடிப் படித்தேன். காட்டிக்கொடுத்தவனுக்கு வெள்ளிக்காசு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு சுண்டல் பொட்டலம்.

மறுநாள் காலையில் டீச்சர் போன் செய்தார். ஸ்கேன் எடுத்ததில் உறைந்த ரத்தம் முழங்காலையும் தாண்டி மேலே போயிருந்ததாம். மூச்சும் கொஞ்சம் வேகமாக இருந்ததால் உள்ளே சேர்த்து ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். "நேத்து வந்தது நல்ல நேரம்னு டாக்டர் சொன்னாரு. கெட்ட நேரம்னு இவரு அவர்கிட்டயே சொல்லிட்டாரு," என்றார்.

வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சார் கால்களை உயர்த்திப் படுத்திருந்தார். காலையிலிருந்து டாக்டரிடம் பேரம் பேசியிருக்கிறார். சக்கர நாற்காலியில் போகிறேன், ஒரு மணி நேரம், இடது கால் அசையவே அசையாது, வேண்டுமானால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். டாக்டர் சிரித்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"வாடா யூதாஸ்," என்றார் என்னைப் பார்த்ததும். வரவேற்பா வசவா என்று தெரியாததால் ஸ்டூலில் பாதி உட்கார்ந்தேன்.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை பேசினார். பூசைக்கு நேரமாகிறது, பதினொரு பேர்தான் இருக்கிறார்கள், சார் இடத்துக்கு யாரை உட்காரவைக்கட்டும்?

டீச்சர் பதில் சொல்வதற்குள் சார் படுக்கையிலிருந்தே கத்தினார்: "டீச்சர் வராங்கன்னு சொல்லு!"

"நானா?"

"இப்பத்தான் பொம்பளைங்களும் உக்காரலாமே. போ."

"என்னங்க இது. நேத்துலேருந்து இதே புடவை. காலப் பாருங்க, குதிகால் வெடிச்சு எப்படி இருக்குன்னு. நகம் கூட வெட்டல."

"நீ போகலன்னா அவன் உக்காருவான்."

"உக்காந்துட்டுப் போறான்! உங்களை விட்டுட்டு நான் எங்க போறது? ஒரு ஆள் கூடவே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க."

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. கிரவுண்டில் பந்து பொறுக்கிவரச் சொல்லும் பார்வை.

"நான் இருக்கேன் டீச்சர்," என்றேன்.

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

கோயிலில் பூசையை யூடியூபில் நேரலையாகப் போடுவார்கள். என் போனில் தேடி எடுத்து சார் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எந்தப் பையன் கேமராவை வைத்தானோ, திரையில் பாதிக்கு ஒரு தூண், மீதிக்குச் சாமியாரின் முதுகு. சார் கிரிக்கெட் வர்ணனை போல ஆரம்பித்தார். அவர் கூரியர் ஆபீஸ். இவன் என் ஸ்டூடண்ட், ஓட்டத்துல எப்பவும் லாஸ்ட். இந்த சேர் ஆடும், மடக்குக் கால்ல ஒரு நட்டு இல்ல, எனக்குத்தான் தெரியும். திடீரென்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"டேய்! அங்க பாரு. அவன் எப்படியும் உக்காந்துட்டான்டா! வேற எவன் சேரையோ புடிச்சிருக்கான்!"

சீட்டுக் கம்பெனிக்காரர் நான் நினைத்ததைவிட ஒல்லியாக, சாதுவாக இருந்தார். அவருக்குப் பக்கத்தில், கடைசி நாற்காலியில் டீச்சர். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், பஸ்ஸில் உட்காருவது போல.

சார் என் கையோடு போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாமியார் ஒவ்வொருவராக முட்டி போட்டு நகர்ந்து வந்தார். சீட்டுக்காரர் காலைத் துடைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குத் திரும்பினார். அந்த இடத்தில் படம் நின்றுபோய், நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"என்னடா?"

"சுத்துது சார்."

"ஜன்னல் பக்கம் புடி. மேல தூக்கு. டேய், ஆட்டாதடா!"

ஜன்னல் பக்கம் போனேன். ஸ்டூல் மேலேயே ஏறினேன். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் தன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தார். படம் திரும்ப வந்தபோது சாமியார் பீடத்துக்கு அருகே நின்று தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சார் கையை நீட்டி போனை அணைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி போட வந்த நர்ஸுக்குத் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தேன். வேறு நாளாக இருந்தால் கையையாவது பிடித்துவிட்டிருப்பேன். உள்ளங்கையிலும் அந்த வேலையைச் செய்யலாம். டாக்டரைக் கேட்காமல் அதையும் செய்ய எனக்கு உரிமை இல்லை.

டீச்சர் திரும்பி வந்தார். கையில் ஒரு காகிதப் பையில் பன். கால் கழுவப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பார்களாம். அதைச் சார் பக்கத்தில் வைத்தார். சார் திரும்பவில்லை.

"என்னங்க. சிரிச்சுட்டேங்க."

சார் திரும்பினார். "என்னது?"

"கூசிடுச்சு. அவரு உள்ளங்கால்ல கை வெச்சதும் களுக்குனு சிரிச்சுட்டேன். ஃபாதருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கோயிலே பாத்துச்சு."

"பன்னிரண்டு அப்போஸ்தலர்ல எவனாவது சிரிச்சானாடி? அதுக்குத்தான் என்னை மாதிரி ஒரு ஆள் போயிருக்கணும்."

டீச்சர் பன்னைப் பிய்த்தார். பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க போயிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க. மரத்துப்போன கால். தண்ணி ஊத்தினாரா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. சார் தன் இரண்டு கால்களையும் பார்த்தார், கிரீம் போட்டதையும் போடாததையும். பிறகு தலையணையை இழுத்து முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணி சில்லுனு இருந்துச்சா?"

"இல்ல. வெதுவெதுன்னு."

"வெதுவெதுன்னா? நான் ரொப்பினப்ப எல்லாம் குழாத் தண்ணிதானே."

"இந்த வருஷம் வெந்நீர் கலந்திருக்காங்க."

"சோப்பு?"

"சோப்பெல்லாம் இல்ல. தண்ணி ஊத்தி, கையால இப்படி ஒரு தடவை வழிச்சு விட்டாரு. விரல் சந்துல ஈரம் நின்னுச்சு, அதைத் துண்டால ஒத்தி எடுத்தாரு. துண்டு முரடு. புதுசு போல, கஞ்சி போகல."

"எந்தக் கை? எந்தக் கையால வழிச்சாரு?"

"அதெல்லாம் யாருங்க பாத்தா?"

"சரி, பன்னைக் குடு." ஒரு வாய் கடித்தார். மென்றபடி முகத்தைச் சுளித்தார். "நேத்து பன். ஃபாதர் காசை மிச்சம் பிடிச்சிருக்காரு." மீதியில் ஒரு துண்டைப் பிய்த்து, என்னைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நேற்றைய பன்தான்.

"முதல்லேருந்து சொல்லு," என்றார் டீச்சரிடம். "நீ ஆட்டோலேருந்து எறங்கினியா. அப்பறம்?"

டீச்சர் சலித்துக்கொண்டார், ஆனால் கட்டிலின் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். எறங்கினதும் கோயில்பிள்ளை ஓடி வந்தார், உங்களைப் பற்றி விசாரித்தார், கடைசி சேர்தான் காலி என்றார், உட்கார்ந்ததும் அது ஆடியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸையாவது பிடிக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன்.

"உக்காருடா," என்றார் சார், கண்ணைத் திறக்காமல். "ஃபாதர் இன்னும் முட்டி போடவே இல்ல."